ஓட்டமும் நிறுத்தமும்



ஓடும் வண்டியை நிறுத்தும்போது அதன் வேகம் எங்கே போகிறது? அது பெரும்பாலும் வெப்பமாக மாறிவிடுகிறது. வேகம் இருமடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகும். அவ்வெப்பத்தை எவ்வாறு வெளியேற்றுவது என்னும் வினாவே பிறேக்கின் வரலாறு. மிகுவேகக் காரின் தேய்ந்த பிறேக் தட்டை மாற்ற முனைபவரும் இவ்வினாவுக்கே விடை தேடவேண்டும்.

சக்கரத்தோடு சுழலும் தட்டொன்றை இருபுறமும் கவ்வி நிறுத்தும் எண்ணம் பழையது. இங்கிலாந்தின் பிரெடரிக் லான்செஸ்டர் 1902 ஆம் ஆண்டிலேயே அதற்குக் காப்புரிமை பெற்றார். ஆனால் உலோகத்தோடு உலோகம் உராய்ந்தெழுந்த கிறீச்சொலி செவியைத் துளைத்தது. ஆதலால் நெடுங்காலம் பெரும்பாலான கார்களில் டிரம் பிறேக்கே நிலவிற்று. டிரம்மில் உராய்வு உட்புறத்தே நிகழ்வதால் வெப்பம் எளிதில் வெளியேறாது. சூடேறிய டிரம் விரியும், பிடி தளரும். சாரதி மிதித்தாலும் வண்டி நில்லாது.

இக்குறையைத் தீர்க்க ஜாகுவார், டன்லப் நிறுவனங்கள் ஒன்றுசேர்ந்தன. 1952 இல் பிரான்சின் ரைம்ஸ் நகரில், தட்டு பிறேக் பூட்டிய ஜாகுவாரை ஓட்டி ஸ்டேர்லிங் மொஸ் வெற்றி பெற்றார். மறு ஆண்டு லெ மான் நகரின் 24 மணிநேரப் பந்தயம் வந்தது. அங்கே ஏறக்குறைய 6 கிலோமீற்றர் நீண்ட நேர்ச்சாலையின் முடிவில் கடுந்திருப்பம் ஒன்று அன்று இருந்தது. டிரம் பிறேக் உடையோர் முன்கூட்டியே வேகத்தைக் குறைக்க, ஜாகுவார் சாரதிகள் இன்னும் சிறிது தூரம் விரைந்தபின் மிதித்தனர். டோனி ரோல்ட், டங்கன் ஹமில்டன் இருவரும் வென்றனர். அப்பந்தயத்தின் சராசரி வேகம் மணிக்கு 100 மைலைக் கடந்தது அதுவே முதன்முறை.

1955 இல் மேர்சிடிஸ் கார்கள் டிரம் பிறேக்கோடு, காற்றைத் தடுக்கும் பலகையொன்றை முதுகில் தாங்கி அதே பந்தயத்துக்கு வந்தன. யூன் 11 ஆம் நாள் அவற்றுள் ஒன்று முன்சென்ற காரில் மோதிச் சிதறியது. எண்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். காரணங்கள் பல கூறப்பட்டன. வெவ்வேறு நிறுத்தும் ஆற்றலுடைய கார்கள் ஒரே பாதையில் நெருங்கி ஓடியதும் அவற்றுள் ஒன்று. அவ்வாண்டிலேயே சிட்ரோயன் டி.எஸ். கார், முன்சக்கரத் தட்டு பிறேக்குகளோடு பொதுச்சாலைக்கு வந்தது.

பின்னர், இரு தகடுகளுக்கிடையே காற்றோட இடம்விட்ட தட்டுகள் பரவின. தட்டில் துளையிடும் வழக்கமும் தோன்றிற்று. அக்காலத்து உராய்வுக் கட்டைகள் சூட்டில் வாயுவைக் கக்கின. அது வெளியேறவே துளைகள் வேண்டியிருந்தன. இன்றைய கட்டைகளில் அவ்வாயு மிகக் குறைவு. ஆயினும் கடைகளில் துளைத்தட்டின் அழகு பலரை மயக்குகிறது. துளையிட்டால் வெப்பத்தை ஏற்கும் இரும்பு குறைகிறது. கடும் சூட்டில் துளையோரத்திலிருந்தே வெடிப்பும் தொடங்கலாம்.

ஆகவே, பொதுச்சாலையில் ஓடும் காருக்கு, தயாரிப்பாளர் குறித்த அளவும் தடிப்பும் கொண்ட, துளையற்ற, காற்றோட்டமுள்ள வார்ப்பிரும்புத் தட்டே பெரும்பாலும் போதும். பந்தயத்தடத்தில் ஓடுவோர்க்குக் கட்டையின் முகத்தைத் துப்புரவாக்கும் வரிப்பள்ளத் தட்டு உதவும். காபன் பீங்கான் தட்டு எடை குறைந்தது. விலையோ மிக அதிகம். எதுவாயினும், ஓர் அச்சின் இருபுறத்துத் தட்டுகளையும் ஒருங்கே மாற்றுக. தட்டில் பொறித்துள்ள குறைந்தபட்சத் தடிப்புக்குக் கீழே தேய்ந்ததை ஒருபோதும் பயன்படுத்தற்க.

ரோல்ட்டும் ஹமில்டனும் 24 மணிநேரம் விரைந்தோட முடிந்தது, வேண்டிய இடத்தில் வண்டி நிற்கும் என்னும் நம்பிக்கையால். தட்டை வாங்குமுன் அதன் தோற்றத்தை விடுத்து, அது தாங்கவேண்டிய வெப்பத்தை எண்ணிப் பார்ப்போமாக.