ஊகம் வேறு, வதந்தி வேறு

கனடாவின் ஸ்காபரோவில் வசிக்கும் என் சகோதரியின் மகன், 2025ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் கொழும்புக்கு வந்து வெள்ளவத்தையிலுள்ள எங்கள் வீட்டில் இரண்டு வாரங்கள் தங்கியிருந்தான். ஒரு மாலை அவன் தன் கைத்தொலைபேசியில் ஒரே படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்ததைக் கவனித்தேன். வெறுந்தரையில் கொங்கிறீற் அடித்தளங்களும் சில இரும்புத் தூண்களும் தெரிந்தன.

"என்னடா தம்பி, புதுப் பாலமா?" என்றேன்.

"இல்லை மாமா, ரோலர் கோஸ்டர். சென்னையிலை வருகுது. இன்னும் தண்டவாளம் முழுக்கப் பூட்டேல்லை. ஆனால் தூணைப் பார்த்தே கொஞ்சம் சொல்லலாம்."

திருப்போரூருக்கு அருகே இள்ளலூரில் வொண்டர்லா நிறுவனம் அமைத்துக்கொண்டிருந்த கேளிக்கைப் பூங்காவையே அவன் குறிப்பிட்டான். 2000இல் கொச்சியில் 'வீகாலாண்ட்' என்ற பெயரில் தொடங்கிய அந்நிறுவனம், 2005இல் பெங்களூரிலும் 2016இல் ஐதராபாத்திலும் 2024இல் புவனேசுவரத்திலும் பூங்காக்களைத் திறந்திருந்தது. கேளிக்கை வரிச் சிக்கலால் பல ஆண்டுகள் தாமதப்பட்ட சென்னைப் பூங்காவுக்கு, சுவிற்சர்லாந்தின் பொலிகர் அன்ட் மபிலார்ட் நிறுவனத்தின் ரோலர் கோஸ்டர் வருகின்றது என்பதே இவ்விளைஞர்களின் பரவசத்துக்குக் காரணம். 1988இல் இரு பொறியியலாளர் ஆரம்பித்த நிறுவனம் அது. ரொரன்ரோவுக்கு அண்மையிலுள்ள கனடாஸ் வொண்டர்லாண்ட் பூங்காவில் 2008இல் திறக்கப்பட்ட பெஹிமொத், 2012இல் திறக்கப்பட்ட 306 அடி உயரமான லெவையதன் ஆகிய இரண்டும் அவர்களின் படைப்புகளே. அவற்றில் ஏறி இறங்கி வளர்ந்தவன் என் மருமகன்.

அவன் தூண்களை வாசித்த விதம் என்னை வியக்க வைத்தது. சாதாரண ரோலர் கோஸ்டரில் தொடர்வண்டி தண்டவாளத்தின் மேல் ஓடும். ஆகவே தூண் கீழிருந்து தாங்கும். தொங்கும் வகையில் வண்டி தண்டவாளத்தின் கீழே ஓடும். பயணிகளின் கால்கள் அந்தரத்தில் ஆடும். அங்கே தூண் பாதையையும் கடந்து உயர்ந்து, கொக்கிபோல வளைந்து, மேலிருந்து பிடிக்க வேண்டும். "இந்தத் தூணின்ரை தலை வளைஞ்சிருக்குது பாருங்கோ மாமா" என்றான்.

அடுத்தது உயரம். முதல் ஏற்றம் முடிந்தபின் பெரும்பாலான வண்டிகளுக்கு இயந்திர விசை கிடையாது. விழுந்த வேகமே எஞ்சிய பாதைக்கெல்லாம் முதல். முப்பது மீற்றர் விழும் வண்டி, உராய்வைக் கணக்கில் எடுக்காவிட்டால், மணிக்கு ஏறக்குறைய 87 கிலோமீற்றர் வேகத்தை அடையும். உராய்வு அதில் ஒரு பகுதியைத் தின்றுவிடுவதால், அடுத்து வரும் மேடுகள் முதல் மேட்டிலும் தாழ்ந்தவையாகவே இருக்கவேண்டும். ஆக, முதற்றூணின் உயரம் தெரிந்தால் மற்றவற்றின் எல்லையும் தெரிந்துவிடும். அடித்தளங்கள் நேர்வரிசையில் இருந்தால் அது ஏற்றமாயிருக்கலாம். ஓரிடத்தில் நெருங்கியிருந்தால் அங்கே சுழற்சியை எதிர்பார்க்கலாம்.

சொல்லும்போது அவன் ஓர் ஒழுங்கைக் கைக்கொண்டான். "இது உறுதி", "இது அநேகமாக", "இது என்ரை ஊகம்" என்று மூன்றாகப் பிரித்தே பேசினான்.

இந்த விளையாட்டுக்கு நீண்ட வரலாறு உண்டு. ருஷ்யாவின் சென்ற் பீற்றர்ஸ்பேர்க்கில் மரச்சட்டங்கள்மேல் பனிக்கட்டி பூசிச் சறுக்கிய செயற்கைக் குன்றுகளே இதன் மூலம். 1817இல் பாரிஸ் நகரத்தார் அதற்குச் சில்லுகள் பூட்டினர். பிரெஞ்சு மொழியில் இன்றும் இதற்கு 'ருஷ்ய மலைகள்' என்றுதான் பெயர். ருஷ்யர்களோ 'அமெரிக்க மலைகள்' என்கின்றனர். அமெரிக்காவின் கோனி ஐலண்டில் 1884இல் லாமார்க்கஸ் தொம்சன் அமைத்த பாதையில் வண்டி மணிக்கு ஆறு மைல் வேகத்தில் ஓடியது. கட்டணம் ஐந்து சதம். 1895இல் அதே இடத்தில் முழுவட்டச் சுழற்சி ஒன்று அமைக்கப்பட்டு, கழுத்து வலியை மிஞ்சவைத்தது. வட்டத்தின் அடியில் உடல் தாங்கவேண்டிய விசை மிகப் பெரிது. 1976இல் கலிபோர்னியாவில் வெர்னர் ஸ்டெங்கலின் வடிவமைப்பில் உருவான கண்ணீர்த்துளி வடிவச் சுழற்சியே அக்குறையைத் தீர்த்தது.

வருவது என்னவென்று ஊகிக்கும் கலையை வளர்த்தவர்களில் பிரித்தானிய இரசிகர்கள் முக்கியமானவர்கள். அல்டன் டவர்ஸ் பூங்கா தன் புதிய கோஸ்டர்களுக்கு 'இரகசிய ஆயுதம்' என்ற சங்கேதப் பெயரையே வைத்தது. அங்கே மரங்களின் உச்சிக்கு மேல் எதுவும் எழக்கூடாதென்பது திட்டமிடல் விதி. அதனால் 1994இல் வந்த நெமெசிஸ் கோஸ்டருக்காகப் பாறையைக் குடைந்து கீழே இறங்கினார்கள். அதுவும் இதே சுவிஸ் நிறுவனத்தின் தொங்கும் கோஸ்டர்தான். உள்ளூராட்சி மன்றத்துக்குச் செல்லும் வரைபடங்கள் பொதுமக்கள் பார்வைக்கும் உரியவை. இரசிகர்கள் பிற்காலத்தில் அவற்றைக் கோடு கோடாக ஆராய்ந்தனர்.

மருமகன் பேசப் பேச, எனக்கு நான் பிறந்து வளர்ந்த கொட்டாஞ்சேனை நினைவுக்கு வந்தது. வெசாக்குக்குச் சில வாரங்கள் முன்பே தொட்டலங்கப் பக்கத்தில் பெருந்தோரணத்தின் சட்டகம் எழும்பத் தொடங்கும். ஓவியப் பலகைகள் கடைசியில்தான் ஏறும். தமிழ், சிங்கள, முஸ்லிம் பையன்களாகிய நாங்கள் வெறும் சட்டத்தைப் பார்த்து, இவ்வருடம் எந்த ஜாதகக் கதை என்று பந்தயம் கட்டுவோம். தோற்றவன் வென்றவனுக்கு ஐஸ்பழம் வாங்கிக் கொடுக்க வேண்டும். எங்கள் ஊகத்தால் எவருக்கும் எந்தத் தீங்கும் நேரவில்லை.

ஆனால் அதே கொட்டாஞ்சேனைக்கு இன்னொரு வரலாறும் உண்டு. 1883 மார்ச் 25, உயிர்த்த ஞாயிறு. தீபதுத்தாராம விகாரையை நோக்கி ஒரு பௌத்த ஊர்வலம் வந்துகொண்டிருந்தது. அதில் கத்தோலிக்க சமயத்தை இழிவுபடுத்தும் உருவங்கள் கொண்டுவரப்படுவதாக வதந்தி பரவியது. வருவது என்னவென்று பார்ப்பதற்கு முன்பே அதை முடிவுசெய்துவிட்டவர்களால் ஊர்வலம் தாக்கப்பட்டது, இரத்தம் சிந்தியது. அக்கலவரத்தின் பின் எழுந்த முறைப்பாடுகளின் தொடர்ச்சியாகவே 1885இல் வெசாக் பொது விடுமுறையாயிற்று. பௌத்த கொடியும் அதே விகாரையில் ஏற்றப்பட்டது. நாங்கள் பந்தயம் கட்டிய தோரணங்களுக்குப் பின்னால் இந்தக் கதையும் நிற்கின்றது.

அதற்குச் சரியாக ஒரு நூற்றாண்டின் பின், 1983 ஜூலை 29 வெள்ளிக்கிழமை, "புலிகள் கொழும்புக்குள் வந்துவிட்டார்கள்" என்ற வதந்தி கோட்டை, புறக்கோட்டை வீதிகளில் பரவியது. எந்தப் புலியும் வரவில்லை. அந்த ஒரு வாக்கியத்தை நம்பிய கூட்டத்தால் அன்று மீண்டும் தமிழர்கள் தேடிக் கொல்லப்பட்டனர். நான் அப்போது பாடசாலை மாணவன்.

என் தவறொன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். தொண்ணூறுகளில், வடக்கிலிருந்து வந்த இளைஞர்கள் கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தை லொட்ஜ்களில் சுற்றிவளைப்புகளுக்கு அஞ்சித் தங்கியிருந்த காலம். ஒரு மாலை, வழக்கத்துக்கு மாறாகச் சில பொலிஸ் வாகனங்கள் நிற்பதைக் கண்டேன். இன்றிரவு சுற்றிவளைப்பு என்று எனக்குத் தெரிந்த மூவரிடம் உறுதியாகச் சொன்னேன். "ஊகிக்கிறேன்" என்று சொல்லவில்லை. பத்திரிகையாளன் சொன்னால் சரியாயிருக்குமென்று அவர்கள் இரவோடிரவாக வேறிடம் புறப்பட்டனர். வழியிலேயே சோதனைச் சாவடியில் பிடிபட்டு இரண்டு இரவுகள் தடுத்துவைக்கப்பட்டனர். அந்த லொட்ஜுக்கு அன்றிரவு எவரும் வரவில்லை. அவர்கள் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. அதுதான் இன்றுவரை உறுத்துகின்றது.

கண்டது, கேட்டது, நினைத்தது ஆகிய மூன்றையும் குறிப்புப் புத்தகத்தில் தனித்தனியாக எழுது என்று என் மூத்த ஆசிரியர் ஒருவர் சொல்லித் தந்திருந்தார். தொழிலின் முதற்பாடம் அது. அன்று மாலை அதை நான் மறந்தேன். முப்பது வருடங்களுக்குப் பின், ஒரு விளையாட்டு வண்டியைப் பற்றிப் பேசுகையில், என் மருமகன் அதைச் சற்றும் மறக்காமலிருந்தான்.

2025 டிசம்பர் தொடக்கத்தில் சென்னைப் பூங்கா திறக்கப்பட்டது. கோஸ்டரின் பெயர் 'தஞ்சோரா'. தொங்கும் வகையே தான். இந்தியாவில் அந்த சுவிஸ் நிறுவனத்தின் முதல் தொங்கும் கோஸ்டர் அது. நான் வாழ்த்துச் சொல்ல ஸ்காபரோவுக்கு அழைத்தேன். அவன் வாழ்த்தைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

"வகை சரி மாமா. ஆனால் உங்களுக்குக் காட்டின அந்த மூலைத் தூணை நான் பிழையாய்ச் சொல்லிப்போட்டன். அங்கை சுழற்சி எண்டன், அது வெறும் திருப்பம். அதை முதலிலை திருத்திக்கொள்ளுங்கோ" என்றான்.

திருத்திக்கொண்டேன்.