இரு நாட்டுக் கீதங்களும் ஒரு பேண்டு ஆசிரியரும்

ஜப்பான்காரன் காலத்தில் பள்ளிப் பிள்ளைகளைக் ‘கிமிகாயோ’ பாட வைத்ததை முதியோர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அந்த ஜப்பானியக் கீதத்துக்கு 1880-இல் பேண்டு வாத்திய இசை அமைத்தவர் பிரான்ஸ் எக்கெர்ட் என்னும் ஜெர்மானியர். 1879 முதல் இருபது ஆண்டுகள் ஜப்பானில் இருந்து, கடற்படை வாத்தியக் குழுவினரைப் பழக்கினார். இசைக் கல்விக்கூடத்திலும் கற்பித்தார்.

கொரியாவின் அழைப்பை ஏற்று 1901-இல் அந்நாட்டுக்குச் சென்றார். அங்கும் அரச வாத்தியக் குழுவை உருவாக்கினார். 1902-இல் அந்நாட்டுக்கும் கீதம் அமைத்துத் தந்தார். ஆனால் 1910-இல் ஜப்பான் கொரியாவை விழுங்கியது. கொரியரின் கீதம் அடங்கியது. கிமிகாயோ அங்கும் ஒலித்தது.

எக்கெர்ட் 1916-இல் சியோலிலேயே காலமானார். குழுவை அவருடைய கொரிய மாணவர் ஒருவர் ஏற்று நடத்தினார். அரசுகள் கீதத்தை மாற்றலாம். ஆசிரியர் கற்பித்ததோ மாணவரிடம் நிற்கும்.