ஊரும் பேரும் பொறித்த சிற்பி

கர்நாடகத்துப் பேலூரில், ஹொய்சள மன்னன் விஷ்ணுவர்த்தனன் 1117-ஆம் ஆண்டில் சென்னகேசவர் கோயிலை எழுப்பினான். 2023-இல் அது உலக மரபுச் சின்னங்களுள் ஒன்றாயிற்று. அதன் சுவர்கள் மாக்கல்லால் ஆனவை. வெட்டுங்கால் மென்மையாயிருந்து, காற்றுப் பட்டபின் இறுகுவது அக்கல்லின் இயல்பு. ஆதலின் அணிகலன்களின் மணிகளையும் தனித்தனியே செதுக்க இயன்றது. சுவரின் அடியில் யானை வரிசை செல்ல, இறவாரத்தின் கீழ் மதனிகை என்னும் மகளிர் நடனமாடியும் கண்ணாடி நோக்கியும் நிற்கின்றனர்.

எனினும், நம் நெஞ்சைத் தொடுவது அவர்தம் எழில் மட்டுமன்று. இடைக்காலக் கோயில்களைச் செதுக்கியோருள் பெரும்பாலோர் பெயரை நாம் அறியோம். இங்கோ, சில மதனிகைகளின் பீடத்தில் சிற்பியின் பெயர் கன்னட எழுத்தில் காணப்படுகிறது. அவருள் ஒருவன் பள்ளிகாவி ஊரினனான தாசோஜன். அவன் மகன் சாவணனும் இக்கோயிலில் சிற்பம் வடித்தான். பின்னர், 13-ஆம் நூற்றாண்டில் எழுந்த சோமநாதபுரக் கோயிலில் மல்லிதம்மன் என்னும் சிற்பி தன் பெயரைப் பல உருவங்களின் கீழ்ப் பொறித்துள்ளான்.

கோயில் எடுத்த மன்னனின் புகழைக் கல்வெட்டு பேசும். உளி பிடித்தவனோ தன் பெயரைத் தானே பொறித்துக்கொண்டான். அதனோடு தன் ஊரையும் சேர்த்தான். பணியின்பொருட்டு வேற்றூரில் வாழும் நமக்கு, தாசோஜன் ஏன் ஊரை விடாது எழுதினான் என்பதை எவரும் விளக்க வேண்டுவதில்லை.