கொக்கின் வெள்ளை எங்கே போயிற்று? வெளிச்சத்தை அளந்த கதை

நம் குடியிருப்பில் ஞாயிறு காலைகளில் கேமராவோடு ஏரிக்கரைக்குப் போகிறவர்கள் கூடிவிட்டார்கள். அவர்களில் பலருக்கும் ஒரே சந்தேகம். வெள்ளைக் கொக்கு ஒரு படத்தில் சுண்ணாம்புக் கட்டிபோல் வெளுத்துவிடுகிறது. இன்னொன்றில் அழுக்குத் துணிபோல் மங்கிவிடுகிறது. கேமராவில் கோளாறா? இல்லை. காரணம், வெளிச்சத்தை அளக்கும் முறை மாறிவந்த வரலாற்றில் இருக்கிறது.

தொடக்ககாலப் புகைப்படக்காரர்கள் வெளிச்சத்தைக் கண்ணாலும் அனுபவத்தாலும் மதிப்பிட்டார்கள். இங்கிலாந்தின் ஹெரிபோர்டு நகரைச் சேர்ந்த ஆல்பிரட் வாட்கின்ஸ் 1890இல் எக்ஸ்போஷர் மீட்டர் ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். பின்னர் அவர் செய்த ‘பீ மீட்டர்’ சட்டைப்பைக் கடிகாரம் போன்றது. அதில் மின்சாரம் கிடையாது. வெளிச்சம் பட்டால் கறுக்கும் காகிதத் துண்டு ஒன்றும், அதன் அருகே ஒரு மாதிரி நிறமும் இருக்கும். காகிதம் அந்த நிறத்தை எட்ட எத்தனை விநாடி ஆகிறது என்று எண்ணி, வட்டத்தைத் திருப்பினால் எக்ஸ்போஷர் தெரிந்துவிடும்.

இந்த மீட்டர் அண்டார்டிகாவரை போயிற்று. 1910இல் புறப்பட்ட கேப்டன் ஸ்காட்டின் பயணக் குழுவில் புகைப்படக்காரராக இருந்தவர் ஹெர்பர்ட் பாண்டிங். வாட்கின்ஸ் மீட்டர் ஒன்றை உடன் கொண்டுசென்ற அவர், பென்குவின்களையும் சீல்களையும் கண்ணாடித் தகடுகளில் படமெடுத்தார். புதுப் பனி தன்மேல் விழும் வெளிச்சத்தில் 80 சதவீதத்துக்கும் மேல் திருப்பி அனுப்பும்; பென்குவினின் முதுகோ கறுப்பு. ஆனால் காகிதம் அளப்பது அங்கே விழும் வெளிச்சத்தை. எதிரே நிற்பது கறுப்பா வெள்ளையா என்பது அதற்குப் பொருட்டில்லை. குறை என்னவென்றால், காகிதம் கறுக்கும்வரை காத்திருக்க வேண்டும்.

1932இல் அமெரிக்காவின் வெஸ்டன் நிறுவனம் செலினியத்தால் இயங்கும் மின்மீட்டரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. முள் உடனே நகர்ந்தது. இவ்வகை மீட்டர்களைப் பெரும்பாலும் காட்சியை நோக்கிப் பிடித்தார்கள். அப்போது அவை அளந்தது விழும் வெளிச்சத்தை அல்ல, பட்டுத் திரும்பும் வெளிச்சத்தை. 1963இல் டாப்கான், 1964இல் பெண்டாக்ஸ் ஸ்பாட்மாட்டிக் ஆகிய கேமராக்களில் லென்ஸ் வழியாகவே அளக்கும் மீட்டர் வந்தது. கைமீட்டரை எடுத்துப் பார்ப்பதற்குள் பறவை பறந்துவிடும் என்ற கவலை தீர்ந்தது. ஆனால் பழைய மீட்டருக்கு இல்லாத ஒரு பலவீனமும் கேமராவுக்குள் குடியேறியது.

எதிரே இருப்பது கொக்கா யானையா என்று இந்த மீட்டருக்குத் தெரியாது. எதுவானாலும் நடுத்தரச் சாம்பல் நிறம் என்றே எடுத்துக்கொள்ளும். படம் முழுக்க வெள்ளையானால் வெளிச்சத்தைக் குறைத்துச் சாம்பலாக்கும்; முழுக்கக் கறுப்பானால் கூட்டி வெளிறச் செய்யும். 1983இல் வந்த நிகான் எஃப்ஏ காட்சியை ஐந்து பகுதிகளாகப் பிரித்துக் கணக்கிட்டது. இன்றைய கேமராக்கள் பறவையின் கண்ணையே கண்டுபிடிக்கின்றன. ஆனாலும் ஏமாறும் வாய்ப்பு முற்றிலும் போகவில்லை.

ஆகவே கொக்கு படத்தை நிறைத்து நின்றால், பிளஸ்–மைனஸ் பொத்தானில் சுமார் ஒரு ஸ்டாப் கூட்டிப் பாருங்கள். கறுத்த நீர்ப்பரப்பில் சிறிதாக நின்றால் ஒன்று குறையுங்கள். காக்கையும் யானையும் படத்தை நிறைத்தாலும் குறைக்கத்தான் வேண்டும். பிறகு ஹிஸ்டோகிராமைப் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம்.

இது வெறும் அழகுப் பிரச்சினை அல்ல. டிஜிட்டல் படத்தில் முற்றிலும் வெளுத்த இடத்தில் எந்த விவரமும் பதிவதில்லை. எந்த மென்பொருளாலும் அதை மீட்க முடியாது. இனப்பெருக்கக் காலத்தில் கொக்கின் முதுகில் வளரும் மெல்லிய இறகுகள் அந்த வெள்ளையில்தான் காணாமல் போகின்றன. நம் ஏரிக்கு வரும் பறவைகளைப் படமாகப் பதிந்துவைக்க விரும்பினால், அந்த இறகுகளும் பதிய வேண்டும். மீட்டர் அளந்து சொல்லும். கொக்கு வெள்ளை என்பதை நாம்தான் அதற்குச் சொல்ல வேண்டும்.