எடை மெஷினுக்குத் தெரியாத கதை

போன வருஷம் எங்க அம்மாவுக்காக ஒரு ஸ்ப்ரெட்ஷீட் போட்டேன். அம்மாவுக்கு 51 வயசு. பீரியட்ஸ் தள்ளித் தள்ளிப் போய் நிக்கப்போற நேரம். தினமும் காலையில எடை பார்த்து வாட்ஸ்அப்ல அனுப்புவாங்க, நான் அதை கிராஃபா மாத்துவேன். எட்டு மாசம் வாக்கிங் போனாங்க, ராத்திரி சோறு கிடையாது. கிராஃப்ல கோடு அப்படியே நேரா போகுது.

"என்னம்மா, ஒன்னுமே குறையலையே?"னு கேட்டேன்.

"அதை விடுடா. போன வருஷம் தைச்ச ஜாக்கெட்டே இப்ப பத்தல"ன்னாங்க.

"எடை ஏறாம ஜாக்கெட் எப்படிம்மா டைட்டாகும்? துணி சுருங்கியிருக்கும்"னு சொல்லிட்டேன்.

யார் சொன்னது சரி? அதுக்குக் கொஞ்சம் பின்னாடி போகணும்.

1958ல அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்துல ஒரு ஆய்வு ஆரம்பிச்சது. வயசாகும்போது மனித உடம்புக்கு என்ன ஆகுதுனு வருஷக்கணக்கா அதே ஆட்களைத் திரும்பத் திரும்பப் பரிசோதிக்கிற ஆய்வு. இன்னைக்கும் நடக்குது. ஆனா அதுல பெண்களைச் சேர்த்தது 1978ல. 20 வருஷம், 'மனித உடம்பு'ன்னா ஆண் உடம்பு மட்டும்தான். மெனோபாஸ்ல எடை ஏன் ஏறுதுனு கேட்டா பதில் சொல்ல அந்த ஆய்வுல டேட்டாவே இல்ல. "வாயைக் கட்டுங்க"ங்கிற அட்வைஸ் மட்டும் தாராளமா கிடைச்சது.

1990களில் நிலைமை மாறுச்சு. பிட்ஸ்பர்க்ல 44லிருந்து 50 வயசுக்குள்ள இருந்த 535 பெண்களை வெச்சு ஒரு சோதனை. யாருக்கும் அப்போ மெனோபாஸ் வரல. ஒரு குழுவுக்குச் சாப்பாடு, உடற்பயிற்சி ரெண்டுக்கும் பயிற்சி கொடுத்தாங்க. இன்னொரு குழுவுக்கு அது இல்ல. நாலரை வருஷம் கழிச்சுப் பார்த்தா, பயிற்சி இல்லாத குழு சராசரியா 2.4 கிலோ ஏறியிருந்தது. பயிற்சி எடுத்த குழு? ஆரம்ப எடையை விட வெறும் 0.1 கிலோ கம்மி. கிராஃப் போட்டா கிட்டத்தட்ட நேர்கோடு. அம்மாவோட கோடு மாதிரியே! நான் தோல்வினு நினைச்ச அந்தக் கோடுதான் அந்தச் சோதனையோட வெற்றி.

சரி, ஜாக்கெட்?

அதுக்கான பதில் 'ஸ்வான்' ஆய்வுல இருக்கு. 1996ல இருந்து அமெரிக்காவுல 3,302 பெண்களைச் சேர்த்து, வருஷா வருஷம் கூப்பிட்டுப் பரிசோதிச்சாங்க. ஒரு பகுதி பெண்களுக்கு டெக்ஸா ஸ்கேனும் எடுத்தாங்க. உடம்புல கொழுப்பு எவ்வளவு, தசை எவ்வளவுனு அது பிரிச்சுக் காட்டும். அப்படி 1,246 பேரோட கணக்கு 2019ல வெளியானது. கடைசி பீரியட்ஸுக்குச் சுமார் 2 வருஷம் முன்னாடி, கொழுப்பு சேர்ற வேகம் இரண்டு மடங்காகுது. அதே நேரத்துல தசை குறைய ஆரம்பிக்குது. கடைசி பீரியட்ஸுக்கு 2 வருஷம் பின்னாடி வரை இது தொடர்ந்து, அப்புறம் நிக்குது. ஆனா மொத்த எடை? அது முன்னாடி ஏறிட்டிருந்த அதே வேகத்துலதான் ஏறுச்சு. மெஷின்ல எந்தத் திருப்பமும் தெரியாது.

உள்ளே கணக்கு மாறுது, கூட்டுத்தொகை மட்டும் அமைதியா இருக்கு. நம்ம பாஷையில சொன்னா, டேஷ்போர்டு பச்சையா இருக்கு, சர்வர் திணறிட்டு இருக்கு. எடை மெஷின் பொய் சொல்லல. நான்தான் அதுகிட்ட தப்பான கேள்வியைக் கேட்டேன்.

ஒன்னு சொல்லணும். ஸ்வான்ல கறுப்பின, வெள்ளை, சீன, ஜப்பானிய, ஹிஸ்பானிக் பெண்கள் இருந்தாங்க. நம்ம ஊர்ப் பெண்கள் தனிக் குழுவா இல்ல. அதனால அந்த எண்களை அப்படியே அம்மா மேல ஒட்ட முடியாது. ஆனா எதை அளக்கணும்னு அது கத்துக்கொடுத்தது. இப்ப ஸ்ப்ரெட்ஷீட்ல எடை வாரம் ஒரு தடவைதான். பக்கத்துல இடுப்பளவு, டேப் வெச்சு. இன்னொரு காலம், கையைப் பிடிக்காம நாற்காலில இருந்து எத்தனை தடவை எழுந்தாங்கனு. வாக்கிங்கோட வாரத்துல ரெண்டு நாள் தசைக்கான பயிற்சி. உலக சுகாதார நிறுவனமும் பெரியவங்க எல்லாருக்கும் குறைஞ்சது ரெண்டு நாள்னுதான் சொல்லுது. ராத்திரி சாப்பாட்டை நிறுத்தினது என் ஐடியா. அதை வாபஸ் வாங்கிட்டேன்.

ஸ்வான் கிராஃபை அம்மாகிட்ட காட்டினேன். கண்ணாடி போட்டு ரெண்டு நிமிஷம் பார்த்தாங்க.

"இதைக் கண்டுபிடிக்க இவ்வளவு வருஷமா? எங்க டெய்லரைக் கேட்டிருந்தா சொல்லியிருப்பாரே"ன்னாங்க.

உங்க வீட்லயும் அந்த வயசுல ஒருத்தர் இருப்பாங்க. இன்னைக்கு போன் பண்ணும்போது எத்தனை கிலோனு கேட்காதீங்க. உடம்பு எப்படி இருக்குனு கேளுங்க, அவங்க சொல்றதை நம்புங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.