இன்ஸ்ட்ரக்‌ஷனல் டெக்னாலஜி முதுகலை: பணம் கட்டும் முன்

அமெரிக்காவில் மேற்படிப்பு தேடும் நம் பிள்ளைகள், குறிப்பாக ஆசிரியப் பணியில் இருப்பவர்கள், இந்தப் பட்டத்தைப் பற்றி விசாரிக்கிறார்கள். பெயரைப் பார்த்து மென்பொருள் படிப்பு என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு பாடத்தை யாருக்கு, எந்த வரிசையில், எந்தக் கருவியைக் கொண்டு கற்பித்தால் மனதில் நிற்கும் என்று திட்டமிடும் துறை இது. பள்ளிகளில் மட்டுமல்ல, ஊழியர்களுக்குப் பயிற்சி தரும் நிறுவனங்களிலும் மருத்துவமனைகளிலும் இதற்கு வேலை உண்டு. ஆனால் இந்தப் பட்டம் மட்டும் பள்ளி ஆசிரியர் உரிமம் ஆகாது.

பெரும்பாலும் 30 முதல் 36 கிரெடிட் படிக்க வேண்டும். பல பல்கலைக்கழகங்கள் இதை முழுக்க ஆன்லைனிலேயே நடத்துகின்றன. சிக்கல் இங்கேதான். முழு ஆன்லைன் படிப்புக்கு எஃப்-1 மாணவர் விசா கிடையாது. வளாகத்தில் படிப்பவரும் ஒரு பருவத்தில் ஓர் ஆன்லைன் பாடத்தை மட்டுமே முழுநேரக் கணக்கில் சேர்க்கலாம். ஆகவே சேர்க்கைக் கடிதம் வந்ததுமே கடனுக்கு அலைய வேண்டாம். வகுப்பு எங்கே நடக்கிறது என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

எஃப்-1 விசாவில் படித்து முடித்தவர் 12 மாத ஓபிடி வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். ஐ-20 படிவத்தில் துறைக் குறியீடு 13.0501 என்றிருந்தால் அது ஸ்டெம் பட்டியலில் வரும். இ-வெரிஃபையில் பதிவான நிறுவனத்தில் வேலை என்றால் மேலும் 24 மாதம் கேட்கலாம். ஒரே பெயருள்ள படிப்பை வேறு பல்கலைக்கழகம் வேறு குறியீட்டில் வைத்திருக்கக்கூடும்.

வீட்டிலிருந்தே படிக்க விரும்பும் பெண்களுக்கு ஆன்லைன் வழி வசதியானது. அவர்கள் கேட்க வேண்டியது விசாவைப் பற்றி அல்ல, அந்தப் பட்டம் தங்கள் ஊரில் செல்லுமா என்பதை.