மலைக் கண்டலும் வாவிக் கண்டலும்

1638 இல் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி மட்டக்களப்புக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றியது. அக்கம்பனியின் ஊழியரான றும்பியஸ், அதே நூற்றாண்டில் அம்போன் தீவின் தாவரங்களை ஆராய்ந்தார். கண்டலை ஒத்துத் தோன்றிய ஒரு மரத்துக்கு ‘மலைக் கண்டல்’ எனப் பொருள்படும் பெயரை இட்டார். 1806 இல் வில்டெனோ அதனை அக்கேசியா மாஞ்சியம் என வகைப்படுத்தியபோதும் பழம்பெயரின் சுவடு எஞ்சிற்று.

இலங்கையிற் பின்னர் நடப்பட்ட இம்மரமும், அதன் உறவினமான அக்கேசியா ஓரிகுலிபோர்மிசும் பார்வைக்கு மயக்கந் தருவன. இரண்டிலும் இலைபோலத் தோன்றுவது தட்டையான காம்பே. அது அகன்று, பூ வெண்மையாயின் மாஞ்சியம்; ஒடுங்கி அரிவாள்போல் வளைந்து, பூ மஞ்சளாயின் மற்றையது.

இரண்டும் தரைநில மரங்கள். உவர்ச்சேற்றில் வேரூன்றி, மட்டக்களப்பு வாவியின் மீன்குஞ்சுகளையும் கரையையும் காப்பது கண்டலேயாம். ஆதலின், கண்டல் அழிந்த கரையில் இவற்றை நடுதல் ஈடாகாது.